ஆறாம் ஆண்டு ஊசி

மகளின் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போகிறார்கள் என்றதும் என் மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "வேணாம்."

கருப்பை வாசலில் வரும் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. என் அக்காவைக் கொண்டுபோனது அந்த நோய்தான். கடைசி மாதங்களில் அவள் படுத்திருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருக்கும். அப்படியிருந்தும் இவள் வேண்டாம் என்கிறாளே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவளை அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் இரண்டாவது பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஹட்டன் டவுன் கடையில் வேலை பார்க்கும் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அந்த நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவளிடம் யாரோ சிங்களத்தில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். வலியில் கிடந்தவள் சிங்களத்தில் சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்றிருக்கிறாள். தோட்டத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். பொலிசோ பஸ் கண்டக்டரோ, புரியாததற்கெல்லாம் சரி சொல்லித் தப்பித்துக்கொள்வோம். பையன் சில நாள்தான் இருந்தான். பிறகு பிள்ளை உண்டாகவேயில்லை. வேறொரு டாக்டரிடம் காட்டியபோதுதான், அன்றைக்கே கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டுச் சுவரைத் திட்டினேன்.

இப்போது மகளின் வயிற்றிலும் கைவைக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் குடும்பநல மருத்துவிச்சி வீட்டுக்கே வந்தார். கொட்டகலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை.

"இது கருத்தடை ஊசி இல்லக்கா. பின்னாடி தாராளமா புள்ள பெத்துக்கலாம்."

"எனக்கும் நல்லதுக்குனுதான் செஞ்சிருப்பாங்க" என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் மிஸ்ஸியிடம் சொன்னேன். "ஒங்களுக்குப் புரியிற மாதிரி கேட்டிருக்கணுங்க்கா. கேக்காதது தப்புதான்" என்றார்.

அதுவரை எங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் போன பிறகு மனைவி அடுப்பைப் பார்த்தபடியே, "ஒங்க அக்கா பட்ட பாடு இவ படக்கூடாது. போடட்டும்" என்றாள்.

ஊசி போட்ட அன்று அவள் கொழுந்து பறிக்கப் போகவில்லை. நானும் கடைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக்கூட இறக்காமல் வளவளவென்று பேச ஆரம்பித்தாள்.

"எதுக்கு ஊசின்னு மொதல்ல தமிழ்ல சொன்னாங்கம்மா. புரிஞ்சிச்சான்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. எனக்குப் புரியலன்னேன். மறுபடி சொன்னாங்க. அப்புறந்தான் போட்டாங்க."

"புரியலன்னு சொன்னியா நீ?"

"ஆமா."

அவள் மகளைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டாள். பையன் போனபோதுகூட இப்படி அழவில்லை. மகள் மிரண்டுபோய், ஊசி போட்ட கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

"வலிக்கலம்மா. நெசமா வலிக்கல."