றோயின் பக்கம் பொங்கிய பால்

இன்று தைப்பொங்கல். கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டில் முதல் பொங்கல். டிரைவ்வேயில் பனியை ஒதுக்கிவிட்டு, காஸ் அடுப்பில் பானையை வைத்தோம்.

பக்கத்து வீட்டு றோய், எங்கள் கறி மணத்துக்கே ஜன்னலை அடித்துச் சாத்துகிறவர், தன் வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

பால் நுரைத்து விளிம்புக்கு வந்ததுதான் தாமதம், மனிதர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார்.

"பால் வழியப்போகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே!"

வழிவதற்காகத்தான் வைத்தோம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் முகம் செத்துப்போனது.

"என் மனைவி இருந்தவரை, பால் வழியாமல் பார்ப்பது என் வேலை" என்றார்.

என் மனைவி மாலதி விடவில்லை. "திரும்ப மூட்டுங்கோ. பொங்காமல் நான் உள்ளுக்கு வரமாட்டன். அவரையும் நிக்கச் சொல்லுங்கோ."

காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. றோய் தன் பனி வாரும் ஷவலைக் கொண்டுவந்து காற்றை மறைத்துப் பிடித்தார். ஒருவழியாகப் பால் பொங்கியது, அவர் காலில் போட்டிருந்த சப்பாத்திலும் கொஞ்சம்.

கொழும்பிலிருந்து அம்மா போனில் முதலில் கேட்டது: "பால் எந்தப் பக்கம் வழிஞ்சது?"

"றோயின்ர பக்கம்."

அதற்கு என்ன பலன் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். றோய் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார்.