சொந்தக் கிருமி

சேலையூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும், மருந்துச் சீட்டு முதலில் மருந்துக் கடைக்குப் போகாது. இரண்டாம் மாடி சாரிடம் போகும். ஓய்வுபெற்ற அலுவலர். பேத்தியின் நீட் புத்தகத்தின் கடைசியில் கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்கள் இருப்பதைக் கண்ட நாளிலிருந்து, எந்த நோயின் பெயரையும் முருங்கைக்காய் மாதிரி நறுக்கி, குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் பொருள் சொல்லிவிடுவார். ஆர்த்ரான் என்றால் மூட்டு, ஐட்டிஸ் என்றால் அழற்சி என்று அவர் விளக்கிய பிறகு, இங்கே மூட்டுவலிக்காரர்களின் நொண்டலிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பிளஸ் டூவோடு நின்ற எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்; வாடகையும் அதிலிருந்துதான் போகிறது. போன மழைக்காலத்தில் கை, கழுத்தெல்லாம் தடித்துத் தடித்து அரிக்க, கேம்ப் ரோட்டில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். வெகுநாளாக அரிக்கிறது, எதனால் என்று தெரியவில்லை, செந்தட்டி பட்டது போலத் தடிக்கிறது என்றேன். அவர் ‘க்ரானிக் இடியோபதிக் அர்டிகேரியா’ என்று எழுதினார். எதிர்வீட்டு அக்கா சீட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சார் நறுக்கினார். க்ரோனோஸ், காலம். அர்டிகா, செந்தட்டிச் செடி. இடியோஸ், சொந்தம். அதுவரை சரிதான். பேத்தோஸ் என்றால் துன்பம், நோய். சார் அதைக் கிருமி என்று முடிவுகட்டினார். ஆக, எனக்கு வந்திருப்பது என் உடம்பே சொந்தமாக வளர்க்கும் நாள்பட்ட கிருமி. கீழே ஒரு கும்பிடு பொம்மையும் போட்டிருந்தார்.

மறுநாள் மாவு வாங்க யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கா மட்டும் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, “தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்ல இப்ப ஓட்ஸ் சாப்பிட ஆரம்பிச்சிட்டோம்” என்றார். விசாரித்தால் அடுக்ககமே ஓட்ஸுக்கு மாறியிருந்தது. பொங்கி வழிந்த மாவைக் கொட்டிப் பாத்திரம் கழுவும்போது, வாடகை கேட்டு வரும் வீட்டு ஓனர் முகம்தான் கண்ணில் நின்றது.

டாக்டர் முன்னால் வாய் திறக்கவே கூசும் நான் மறுபடி போய், இது தொத்துமா என்று கேட்டேன்.

“தொத்தாதும்மா. எதனால வருதுன்னு எங்களுக்கே தெரியல. அதைத்தான் இடியோபதிக்னு எழுதுறோம்.”

“தெரியலைன்னே எழுதலாமே மேடம்?”

“எழுதினா நீங்க வேற டாக்டர்கிட்ட போயிடுவீங்க.”

உண்மைதான், போயிருப்பேன். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். நாள்பட்டது, காரணம் தெரியாது, செந்தட்டி பட்டது மாதிரி. நான் சொன்னதையே இரண்டு வெளிநாட்டு மொழிகளில் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஃபீஸும் நான்தான் கட்டியிருக்கிறேன். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. எது கடித்தது என்று தெரியாததை மறைக்காமல் சொல்லும் சொல்.

அந்தக் குழுவில் சேர்ந்த பிறகு முதல்முறையாக நான் எழுதினேன்: “எனக்கு வந்திருப்பது காணாக்கடி. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். தொத்தாது.”

அவ்வளவுதான். காணாக்கடி வராத வீடே அங்கு இல்லை. வெற்றிலையில் மிளகு வைத்து மென்று தின்னச் சொன்னார்கள், கம்பளியால் தேய்க்கச் சொன்னார்கள். அக்கா பாத்திரத்தோடு உள்ளேயே வந்துவிட்டார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் பயந்தே போயிட்டேன்” என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். ஓட்ஸ் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் வாடகை கொடுத்துவிட்டேன்.

காணாக்கடியை எங்கே நறுக்குவது என்று தெரியாமல் சார் சில நாள் குழுவில் தலைகாட்டவில்லை. பிறகு அவர் மனைவி மாவு கேட்டு வந்தார். இன்று அரைத்தது தீர்ந்துவிட்டது என்று சொல்லி, முந்தாநாள் மாவை எடுத்துக் கொடுத்தேன். நன்றாகப் புளித்திருந்தது. நெஞ்செரிச்சலுக்கும் கிரேக்கத்தில் ஏதாவது பெயர் இருக்கும், சார் பார்த்துக்கொள்வார்.