இரண்டு குப்பத்துக்கும் ஒரே ஃபைல்

"பாப்பா, அவங்களாண்ட சொல்லு. அசல் எங்க ஊருது," என்றார் சகாதேவன். 'அவங்க' என்பது பக்கத்து நாற்காலியில் இருந்த வடிவேலு, அவருடைய மனைவியின் தம்பி.

"நகல் எங்களுக்கு இன்னாத்துக்கு? நாங்க இன்னா நகல் மனுசங்களா?" வடிவேலுவும் என்னைப் பார்த்தே கேட்டார்.

எண்பத்தேழாம் ஆண்டு. பழவேற்காட்டில் மீனவர்களுக்கான ஒரு தொண்டு சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. குப்பத்துக்கு ஒரு டைரக்டரி, இன்றைக்கு ஃபோல்டர் என்கிறோமே அது. அதற்குள் குடும்பங்களின் பெயர்கள் டிபேஸ் என்ற புரோகிராமின் ஃபைலாக இருக்கும். புயல் நிவாரண அரிசியும் வலையும் அந்தப் பட்டியல்படிதான். ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை விடுவது என்ற முறையை இங்கே பாடு என்பார்கள். அதில் வந்த சண்டையால் சகாதேவனின் குப்பம் இரண்டாக உடைந்து, பிரிந்தவர்கள் எதிர்க்கரையில் குடிசை போட்டிருந்தார்கள். இரண்டு கரைக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது கட்டுப்பாடு. புதுக் குப்பத்துக்கு ஒரு டைரக்டரி உண்டாக்கி, பழைய ஃபைலை அதில் காப்பி செய்ய வேண்டும். சாட்சிக்கு ஊருக்கு ஒருவர் வந்திருந்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா. ஒரு எழுத்துகூட மாறாது," என்றேன்.

"அப்போ நகலை அவங்களே வச்சிக்கட்டும்," என்றார் வடிவேலு. "எங்க அக்காவைக் கட்டிக்க வந்தப்பவே இப்டித்தான் பாப்பா. எல்லாத்துலயும் ஒசத்தியானது இவருக்கு வேணும்."

சகாதேவன் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவதாக ஒரு டைரக்டரி உண்டாக்கினேன். ஃபைலை அதற்குள் காப்பி செய்துவிட்டு, பழையதை அழித்தேன். பிறகு அங்கிருந்து இரண்டு ஊர்களுக்கும் ஒவ்வொரு காப்பி.

"இப்போ ரெண்டு பேருக்குமே நகல்தான்."

"அப்டினா சரி," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சகாதேவன் திரைக்கு அருகில் வந்தார். "எம்பொண்ணு ருக்கு இப்போ எந்த ஊர்ல இருக்கா?"

"இப்போதைக்கு ரெண்டுலயும் இருக்கா அண்ணா. இனிமேதான் அந்தந்தப் பக்கத்துல இல்லாதவங்க பேரை எடுக்கணும்."

"டீ குடிச்சிட்டு எடேன்."

வடிவேலு எழுந்து போய் அவரே டீ சொல்லிவிட்டு வந்தார். கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சகாதேவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிற்று.

அப்பாவை முகத்துவாரத்தில் கடல் கொண்டுபோனபோது சகாதேவன் மீசை முளைக்காத பையன். இரண்டு தம்பிகளையும் அவர்தான் வளர்த்தார். மூவருக்கும் ஒரே வலை, ஒரே படகு. மரியம்மாவை மணந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் ருக்கு. பெண்களோடு அவள் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் நாட்களில், மீன் எங்கே கிடைத்தாலும் இவர் படகு அந்தப் பக்கத்தை விட்டு நகராது என்று மரியம்மா என்னிடம் சொன்னதுண்டு.

வடிவேலுவின் மனைவிக்குப் பிரசவம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போயிருந்தார் மரியம்மா. அந்த வாரம்தான் கட்டுப்பாடு வந்தது. திரும்ப வேண்டுமானால் ஊர்க்கூட்டத்தில் எல்லார் காலிலும் விழ வேண்டும் என்றார்கள்.

"புள்ளைப்பேறு பாக்கப் போனது இன்னா குத்தம்? விழ மாட்டேன்," என்று சொல்லியனுப்பினார் மரியம்மா. சகாதேவன் அந்தக் கரைக்குப் போனால் அவருடைய பாடு போகும். வலை ஒன்று என்பதால் தம்பிகளின் பாடும் போகும். அவர் போகவில்லை.

டீக்குப் பிறகு பழைய ஊரிலிருந்து மரியம்மாவையும் ருக்குவையும் நீக்கினேன். புது ஊரிலிருந்து சகாதேவனை நீக்கினேன். அவர் பெயருக்கு நேரே, குடும்பத்தில் உள்ளவர்கள் எண்ணிக்கை ஒன்று என்று வந்தது.

மறு வருடம் தையில் ருக்குவுக்கு எதிர்க்கரையில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் வடிவேலுதான் முன்னின்று நடத்தினார். அன்றும் சகாதேவன் தம்பிகளோடு வலைக்குப் போனார். மேளச் சத்தம் தண்ணீர்மேல் வந்துகொண்டே இருந்ததாம். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை என்று தம்பி ஒருவர் பின்னால் சொன்னார்.

அந்த வருட மழைக்காலத்திலேயே சகாதேவனுக்குக் காய்ச்சல் கண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, பஸ் திருப்பாலைவனம் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. அப்போதும் கட்டுப்பாடு இருந்தது. மரியம்மா படகில் வந்து இறங்கி, கரையில் நின்றிருந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்துவிட்டுத்தான் கணவரின் உடலருகே போனார். ருக்கு அம்மாவின் பின்னாலேயே நடந்தாள்.

ருக்குவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் சகாதேவன் ஆபீசுக்கு வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உனக்குப் பத்திரிகை வச்சாங்களாமே?"

"ஆமாண்ணா. ருக்குவே வந்து குடுத்தா."

"போய்ட்டு வா பாப்பா. பந்தல்ல அவ என்னைத் தேடுறாளானு பாரு. தேடுனா, எங்கிட்ட வந்து சொல்லாத."