ஒளுத் தண்ணீர் ஓடி முடியும் இடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். கோழிக்கு வேலி போட்ட கதையில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தொழுகையில் நிற்கும்போதுகூட அந்தக் கம்பி ஞாபகம் வந்துவிடுகிறது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீடு கீழக்கரைக்கு வெளியே, கடலோர மணலில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து கொல்லையில் நாட்டுக்கோழி வளர்த்தார். பட்டப்பகலில் கீரி குஞ்சுகளைத் தூக்கியது. அவர் விடியற்காலையில் சுபுஹு தொழப் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் பார்த்துத் தெருநாய்கள் வந்தன. ஒருநாள் வந்து பார்த்தால் அடைகாத்த கோழியின் இறகுதான் கிடந்தது. முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது.

"வீட்டு லைன்லருந்து ஒரு வயரை இழுத்து வேலியில விட்டா முடிஞ்சது சோலி" என்றார்.

"அங்கன நாய் மட்டுமா போகுது மச்சான்? பந்து எடுக்க வாற புள்ள தொட்டா? மறுமையில என்ன பதில் சொல்லுவீக?"

முணுமுணுத்துக்கொண்டே போய் வேலிக்கென்றே விற்கிற மெஷினை வாங்கி வந்தார். அது கரண்டை விட்டு விட்டு அனுப்பும். தொட்டால் சுள்ளென்று உதறும், பிடித்து வைக்காது. அதிலிருந்து ஒரு வயர் வேலிக்கு, இன்னொன்று மண்ணில் அடிக்கிற இரும்புக் கம்பிக்கு. தண்ணீரும் கரண்டும் சேரக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் மேடான, நன்றாகக் காய்ந்த மணலாகப் பார்த்துக் கம்பியை அடித்தார்.

மறுநாள் நாய் சாவகாசமாக வேலிக்குள் நுழைந்தது. மெஷின் பாட்டுக்கு டிக் டிக் என்றது.

"பாத்தியா ஒன் மெஷினை? நாய்க்குச் சொறிஞ்சு விடுது. சாயந்தரம் அஸர் தொழுதுட்டு வந்து நேர் லைன் குடுக்கப்போறேன்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் மீன் ஆணம் அடிப்பிடித்தது. மெஷின் விற்ற கடைக்குப் போன் போட்டேன்.

"காஞ்ச மணல்ல அடிச்சா எப்படிம்மா? ஈரம் இருந்தாத்தான் கரண்டு மண்ணு வழியா மெஷினுக்குத் திரும்பும்" என்றார் கடைக்காரர்.

எங்கள் மணலில் ஈரத்துக்கு எங்கே போவது? ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு எடுக்கிற தண்ணீர், வாய்க்காலாக ஓடித் தூரத்துத் தென்னை மூட்டில் போய் முடியும். அங்கே மட்டும் கோடையிலும் காயாது.

அவர் வயர்ச் சுருளோடு வந்தார். வாசலை மறித்து நின்றேன்.

"கம்பியை அந்தத் தென்னை மூட்டுல அடிச்சுப் பாருங்க. அப்பவும் நாய் அடங்கலைன்னா கோழியே வேணாம், வித்துப்புடலாம்."

"ஒளுத் தண்ணியிலயா?"

"ஒளு எடுத்தாச்சு. இனி அது தென்னைக்குப் போற தண்ணிதான?"

மெஷினை அணைத்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கி அங்கே அடித்து, கையிலிருந்த வயரை மெஷினிலிருந்து அதுவரை இழுத்துக் கட்டினார். விடிந்ததும் நாய் மூக்கை வைத்தது. வீலென்று கத்திக்கொண்டு ஓடியது.

"ஏர்வாடி வரைக்கும் நிக்காது புள்ள!" என்று சிரித்தார்.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"லாத்தா, ஒளுத் தண்ணி பரக்கத்துலதான் ஒங்க வேலி வேலை செய்யுதாமே? எங்க வீட்லயும் ஈரத்துல கம்பி அடிச்சாச்சு. வீட்டு லைனைக் குடுக்கப்போறாக."

கையிலிருந்த தீவனத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நல்லவேளை, வயரை இன்னும் சொருகவில்லை. வாய்க்கு வாய் போனதில் மெஷின் விட்டுப்போயிருந்தது.

எல்லாத் தெருவுக்கும் நான் ஓட முடியாது. அதனால் இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அல்லாஹ்வின் அருளான அந்தப் பரக்கத்தையும் சொல்லுங்கள், எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் மெஷினை விட்டுவிடாதீர்கள்.