பேராசிரியர்கள் பாடம் கற்கும் மூன்றாம் மாடி

பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சிங்கப்பூரின் தேக்காவை விட்டு நடந்துகொண்டிருந்தேன். நான்கு மாதம் தட்டு கழுவிய உணவகம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. யாரோடும் சண்டையில்லை. சவர்க்காரத்தில் விரல்தோல் உரிந்துவிட்டது, அவ்வளவுதான். மலேசியாவின் ஈப்போவில் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டதிலிருந்து இப்படித்தான் இடம் மாறிக்கொண்டிருக்கிறேன்.

எங்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் செல்வி அக்கா அழைத்தார். "மேற்குப் பக்கம் ஒரு யூனிவர்சிட்டி. நாற்காலி போடணும், இன்னிக்கு மட்டும். நாளைக்கு தெம்பனிஸ்ல பெர்மனண்ட் வேலை பாத்திருக்கேன், ஓடிப்போயிடாத!"

லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, பொட்டானிக் கார்டன்ஸில் மாறினேன். இறங்கும்போது மணி இரண்டரை.

மூன்றாம் மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. இருபது நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டேன். வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நரைத்த தலை. மாணவர்கள் எங்கே என்று பொறுப்பாளர் மாலதியிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சின் முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' விழும்.

"இவங்கதான் ஸ்டூடண்ட்ஸ், அண்ணே. எல்லாம் ப்ரொஃபசர்ஸ். பாடம் நடத்தக் கத்துக்க வந்திருக்காங்க லா."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்க மறந்து நின்றேன். என் பள்ளியில் புரியாவிட்டால் குற்றம் பையனுடையது, அடியும் அவனுக்கே. இங்கே முனைவர்கள் தாங்கள் பாடம் நடத்திய காணொளியைத் தாங்களே போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் வகுப்பைக் கைவிட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றேகாலுக்குச் செந்தில் எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், மண்ணியல் பொறியாளர். மறுநாள் பத்து மணிக்கு மூத்த பேராசிரியர்கள் இருவர் அவர் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் பொறுத்துத்தான் அவருடைய ஒப்பந்தம் நீளும் என்றார் மாலதி. நிலம் அதிரும்போது ஈரமணல் ஏன் குழம்பாகிறது என்று ஆங்கிலத்தில் பத்து நிமிடம் ஒத்திகை பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இவங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், டாக்டர். அதான் பிரச்சினை," என்ற மாலதி, என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க உக்காருங்க. டாக்டர், இவருக்குத் தமிழ்லயே சொல்லுங்க."

செந்தில் தொடங்கினார். நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"சும்மா தலையாட்டாதீங்க அண்ணே! அது அவருக்கு ஹெல்ப் இல்ல. எங்க விட்டுப்போச்சோ, அங்க கையைத் தூக்குங்க."

உடனே தூக்கினேன். செந்திலுக்கு முகம் வேர்த்தது. "எதுங்க புரியல?"

"அழுத்தம் அழுத்தம்னு சொல்றீங்களே சார், மணல் அழுத்துதா, தண்ணி அழுத்துதா?"

அவர் திரையை விட்டுவிட்டு என் முன்னால் வந்தார். பிறகு, "நீங்க ஈரமணல்ல நின்னு வேலை செஞ்சிருக்கீங்களா?" என்றார்.

"துவாஸ்ல, கடல்ல மண்ணைக் கொட்டி மேடாக்குன இடத்துல. இயந்திரம் அதிர்ந்தா தண்ணி மேல வரும், பூட்ஸ் உள்ள போயிரும்."

"அதேதானுங்க! அதிர்றப்ப மணலோட பாரம் தண்ணி மேல விழுது. தண்ணி தாங்காது." சொல்லிக்கொண்டே தன் படக்காட்சியிலிருந்து பன்னிரண்டு பக்கங்களை அழித்தார். ஒவ்வொன்று போகும்போதும் பல்லைப் பிடுங்குவதுபோல முகம் சுளித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் ஒரு பாடம் எனக்குப் புரியும் வரை ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் முறை.

ஆறு மணிக்கு நாற்காலிகளை அடுக்கும்போது செந்தில் வந்தார். "நாளைக்கு வருவீங்களா? வகுப்பிலேயே செஞ்சு காட்டணும், ஒரு கை வேணுங்க."

மாலதியே நிறுவனத்தோடு பேசினார். தெம்பனிஸ் வேலை இன்னொருவருக்குப் போகும் என்று செல்வி அக்கா கத்தினார். போகட்டும் என்றேன்.

மறுநாள் காலை நான் ஏற்ற வேலை இது: ஈரமணல் நிரப்பிய தொட்டியொன்றைத் தள்ளுவண்டியில் விரிவுரை மண்டபத்துக்குக் கொண்டுபோவது, அதன்மேல் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைப்பது, செந்தில் சொன்னதும் ரப்பர்ச் சுத்தியலால் தொட்டியின் பக்கவாட்டில் அடிப்பது. பத்தேகாலுக்கு அவர் கையசைத்தார். அடித்தேன். தண்ணீர் மேலே வந்தது, செங்கல் சாய்ந்து மணலுக்குள் இறங்கியது. கடைசி வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மூத்தவர்களில் ஒருவர், பேனாவை வைத்துவிட்டு, நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்.