இடது முன்சில்லு

சத்தம் முதலில் கேட்டது, வாய்க்கால் மதகு இருக்கிற துரிசடி வளைவில். பிக்கப்பின் பின்பெட்டி நிறையப் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரைப் பாதையால் வந்த கமலேஸ்வரி, ஸ்ரேறிங்கை வலது பக்கம் ஒடித்தாள். இடது முன்சில்லுப் பக்கம் ‘டொக்’ என்று ஒன்று. யாரோ கதவில் ஒரு தரம் தட்டிவிட்டுப் போனது மாதிரி. பிக்கப்பை நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தாள். சேறும் புல்லும்தான் தெரிந்தன. திரும்ப ஏறி நேரே ஓடினாள், சத்தம் இல்லை. அடுத்த நாள் அதே வளைவில் அதே ‘டொக்’.

அவள் செய்த ஒரே பிழை அதை வெளியில் சொன்னது. இந்த ஊரில் ஒரு ஆம்பிளை தன் வாகனத்தில் சத்தம் கேட்கிறது என்றால் வாகனத்தில் பிழை. பொம்பிளை சொன்னால் பொம்பிளையில் பிழை. ஐம்பதை நெருங்குகிற வயதிலும் அவளுக்கு இது விளங்காமல் இருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவளுடைய தகப்பன் வடமராட்சியிலிருந்து குளத்துக் காணி கிடைத்து விசுவமடுவுக்கு வந்தவர். அவள் பிறந்ததும் இங்கே, யோகராசாவைக் கட்டியதும் இங்கே. நாலு சில்லும் இழுக்கிற அந்தப் பழைய பிக்கப்பை யோகராசா வாங்கியது சண்டை முடிந்து மீளக் குடியேறிய பிறகு. எத்தனையோ பேரின் கை மாறி வந்தது. கதவு ஒரு நிறம், பெட்டி ஒரு நிறம். ஆனால் மாரியில் உழவு இயந்திரமே புதைகிற காணிக்குள்ளும் போய்த் திரும்பி வரும். இறங்கி, முன்சில்லு இரண்டின் நடுவிலும் இருக்கிற குமிழைத் திருப்பிவிட்டால் போதும், முன்சில்லும் சேர்ந்து இழுக்கும். யோகராசா இருந்த காலத்திலேயே முழங்கால் சேற்றில் இறங்கிக் குமிழ் திருப்புகிற வேலை அவளுடையது. அவர் நெஞ்சு நோவில் போன பிறகு மிச்ச வேலையும் அவளுடையதாயிற்று. கிளிநொச்சிக்குப் போய் லைசென்ஸ் எடுத்தாள். தன் தோட்டத்துப் பூசணியும் அயலட்டைக் கத்தரியும் ஏற்றி வவுனியாவுக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தில்தான் மகள் வினோஜா யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்தாள். சாவி தன் கையில் இருக்கும்வரை அத்தான் வீட்டுப் படலையில் போய் நிற்கத் தேவையில்லை என்பது கமலேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும்.

அத்தானுக்கும் அது தெரியும். யோகராசாவின் தமையன் குலசிங்கத்தைத்தான் சொல்கிறது. தம்பி செத்த நாளிலிருந்து அவர் அதை ‘தம்பியின்ர வாகனம்’ என்றுதான் சொல்வார். கலியாண வீட்டுக்கு இரவல் வாங்கிய சங்கிலியை அவள் திருப்பிக் கொடுக்காமல் போட்டுக்கொண்டு திரிவது மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். கோயிலடியில் நாலு பேர் கூடினால் போதும், ஒரு பொம்பிளை இந்தப் பெரிய வாகனத்தை ஓடித் திரிவது குடும்பத்துக்குச் சரியில்லை என்று தொடங்கிவிடுவார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கடைசி இடப்பெயர்வில், யோகராசாவின் கையில் காயம் பட்டிருந்தபோது, உழவு இயந்திரத்தை ஓடியவள் கமலேஸ்வரிதான். விசுவமடுவிலிருந்து கடற்கரை வரைக்கும், ஷெல் விழுகிற ரோட்டில். பின்னால் கொழுவிய பெட்டிக்குள் அரிசி மூட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தவர்களில் குலசிங்கமும் ஒருவர். பொம்பிளை ஓடலாமா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. “விடு பிள்ளை, விடு, நிப்பாட்டாதை” என்றுதான் கத்தினார்.

சத்தத்தைப் பற்றி அவள் சொன்னதும், தான் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினார். பார்த்த விதம் இருக்கிறதே! வெறும் பெட்டியோடு பரந்தனில் பெரிய ரோட்டுக்கு ஏறி, கிளிநொச்சியைத் தாண்டி, கார்ப்பெட் ரோட்டில் நேரே முறிகண்டிக்கு ஓடினார். அந்த வழியால் போகிற வாகனம் எதுவும் அங்கே ரோட்டோரத்தில் இருக்கிற பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. குலசிங்கத்தின் எண்ணத்தில் வாகனங்களுக்கு வருகிற வருத்தங்களில் பாதி அங்கே தேங்காய் உடைக்காமல் போனதால் வருவது. அவர் தேங்காய் உடைத்தார், முன்சில்லுகளுக்குத் திருநீறு பூசினார், சாவிக்கும் சந்தனம் வைத்தார், கச்சான் கடலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை, சத்தம் என்று ஒரு பேச்சே இல்லை என்று முற்றத்தில் நின்று அறிவித்தார்.

பிள்ளையாரை ஏன் குற்றம் சொல்வான்? வெறும் பெட்டியை நேர் ரோட்டில் ஓடினால் என்ன சத்தம் வரும்? பாரம் ஏற்றி, கிறவல் பாதையில், வளைவில் திருப்பிப் பாருங்கோ என்று கமலேஸ்வரி சொன்னாள். அவர் கச்சான் கோது உடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் விடவில்லை. சந்தியில் கராஜ் வைத்திருக்கிற அனோஜனிடம் கொண்டுபோனாள். அத்தானும் கூட ஏறிக்கொண்டார். பொம்பிளை தனியப் போனால் கராஜ்காரர் ஏமாற்றிவிடுவார்களாம். அனோஜன் கெட்டவன் அல்ல, குடும்பஸ்தன், மரியாதை தெரிந்தவன். அந்த மரியாதைதான் கேடு. சத்தம் கேட்டவள் பக்கத்தில் நிற்க, கேட்காத மனிசனைப் பார்த்து என்ன பிரச்சினை என்று விசாரித்தான்.

“ஒண்டுமில்லைத் தம்பி, இவவுக்கு ஏதோ சத்தம் கேக்குதாம்” என்றார் குலசிங்கம்.

அனோஜன் நடுச் சட்டத்துக்குக் கீழே ஜக்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினான். சில்லு அந்தரத்தில் தொங்கியது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினான், பக்கவாட்டில் ஆட்டினான், சுழற்றிவிட்டுக் காது கொடுத்தான். ஆட்டம் இல்லை. பெயரிங் நல்லது, ஸ்ரேறிங் நல்லது என்றான். வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று மூட்டுக்கு மூட்டு கிறீஸ் அடித்து அனுப்பினான்.

சத்தம் நின்றுவிட்டது. அதுதான் வினை. தேய்ந்த இடத்துக்குள் கிறீஸ் போய் நின்று சத்தத்தை அமத்தியதே தவிர, தேய்ந்தது தேய்ந்தபடிதான் இருந்தது. குலசிங்கத்துக்கோ தலை கால் தெரியாத புளுகம், ஒரே குதூகலம். கிறீஸ் போடத் தெரியாமல் வாகனம் ஓடுகிறாள் என்று ஊர் முழுக்கக் கதை. ஒரு கிழமை போயிருக்காது, துரிசடி வளைவில் அது திரும்ப வந்தது. இந்த முறை தட்டுகிற சத்தம் அல்ல, இடிக்கிற சத்தம். ஸ்ரேறிங் பிடித்த கைக்கும் தெரிந்தது.

இந்த முறை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சந்தைக்கு ஏற்றிய பூசணியோடேயே மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய், நெளுக்குளத்தில் அஸ்வரின் கராஜில் நிறுத்தினாள். அஸ்வர் யோகராசாவுக்குப் பழக்கமானவர், அளந்து கதைக்கிற மனிசர். என்ன சத்தம், எப்போது, எந்தப் பக்கம் திருப்பும்போது என்று அவளிடமே கேட்டார். பெட்டியிலிருந்து ஒரு காயையும் இறக்கவேண்டாம் என்றார். அவளே ஓடட்டும், தான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன் என்று சொல்லி இடது பக்கம் ஏறினார். கமலேஸ்வரிக்கு அழுகை வரப் பார்த்தது. தான் சொன்னதை ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்டதற்காக அழுகிற நிலைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டார்களே, பாவிகள்!

பின் ஒழுங்கையில், கிடங்கும் கிறவலுமான இடத்தில், வலது பக்கம் ஒடித்தாள். ‘டொக்’. அஸ்வர் தலையை ஆட்டினார்.

அவர் ஜக்கை நடுச் சட்டத்துக்குக் கீழே வைக்கவில்லை. சில்லைத் தாங்கி நிற்கிற கீழ்க் கைக்கு அடியில் வைத்தார். சட்டத்தில் தூக்கினால் அந்தக் கை கீழே இழுபட்டு மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது, கையைத் தாங்கினால்தான் மூட்டு இளகும் என்றார். பிறகு ரயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். சில்லு ஒரு விரல் பருமனுக்கு மேலே எழும்பி விழுந்தது. அதே சத்தம். அவளைக் கையை வைத்துப் பார்க்கச் சொல்லி இன்னொரு தரம் நெம்பினார். விரல் நுனியில் அந்த இடியை அவள் உணர்ந்தாள்.

“இந்த அடிமூட்டு முடிஞ்சுபோச்சு, அக்கா. பாரத்தோட ஒரு வளைவில கழண்டா சில்லு மடிஞ்சிரும்” என்றார் அஸ்வர். “சாமான் கொழும்பில இருந்து வரணும். அதுவரைக்கும் வாகனம் இங்க நிக்கட்டும்.”

பூசணியை வேறொரு வாகனத்தில் மாற்றிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அவள் பஸ்ஸில் வீடு வந்தாள். பைத்தியக்காரி, சந்தோசமாக வந்தாள். தன் காதில் பிழையில்லை என்று தெரிந்த சந்தோசம்.

குலசிங்கம் கேட்டுவிட்டுக் கோபத்தில் எழும்பியே விட்டார். “வவுனியாக்காரன் உன்னை வடிவாப் பேய்க்காட்டிப்போட்டான்.”

“நான் கையை வைச்சுப் பாத்தனான், அத்தான். சில்லு மேல எழும்புது.”

“அனோஜன் பாத்தவன். நான் ஓடிப் பாத்தனான். இனி முறிகண்டிப் பிள்ளையாரும் வந்து சொல்லோணுமோ?”

அடுத்த நாள் அவரே நெளுக்குளத்துக்குப் போனார். எடுக்கவேண்டாம் என்று அஸ்வர் முகத்துக்கு நேரே சொல்லியும் எடுத்துக்கொண்டு வந்தார். வெறும் பெட்டி, கார்ப்பெட் ரோட்டு, சத்தம் எங்கே வரும்? கொண்டுவந்து தன் வளவுக்குள் நிறுத்தினார். சாவி கேட்டுப் போன கமலேஸ்வரியைக் கதிரையில் இருக்கச் சொல்லி, மெத்தப் பரிவாக ஆரம்பித்தார்.

“பயந்த ஆள் ஸ்ரேறிங் பிடிக்கக்கூடாது, பிள்ளை. தம்பி போனதோட உனக்கு நெஞ்சு பலமில்லாமப் போச்சு. சத்தம் சத்தம் எண்டு சொன்னது நீதானே?”

அவள் சொன்னதையே எடுத்து அவள் தலையில் போட்டார். பயந்தவளாம்! ஷெல்லுக்குள் ஓடியவள் பயந்தவள், பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர் துணிந்தவர். கமலேஸ்வரிக்கு அது அத்தனையும் வாய் வரைக்கும் வந்தது. மூத்தவர், புருசனின் தமையன் என்ற நினைப்பு அதை விழுங்க வைத்தது. அதை விழுங்கிய பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

“சாவியை நீங்களே வைச்சிருங்கோ. சாமான் வரும்வரைக்கும் பாரத்தோட மட்டும் எடுக்காதேங்கோ.”

சாவி போனாலும் பரவாயில்லை, ஆள் போகக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் அதையும் பயக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கிழமையே அவளுடைய தோட்டத்துக்குப் பிக்கப்போடு வந்து, வெட்டிக் குவித்திருந்த பூசணி அத்தனையையும் ஏற்றுவித்தார். தானே வவுனியாவுக்குக் கொண்டுபோய், வாகனம் எப்படி ஓடுவதென்று காட்டுகிறாராம். வாய்க்கால் கரையால் போகவேண்டாம், பாதியை இறக்குங்கோ என்று அவள் மன்றாடினாள். முன்னால் போய் மறித்துக்கொண்டும் நின்றாள். அவர் ஹோர்ன் அடித்தார். கூலிக்கு வந்த சனம் சிரித்தது. அவள் விலகினாள்.

வரம்பில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துரிசடியில் பிக்கப் வேகம் குறைவது கேட்டது. பிறகு ‘டொக்’ இல்லை, மரக்கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஹோர்ன், நிற்காமல்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது பிக்கப் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தது. இடது முன்சில்லு உள்ளுக்கு மடிந்து, கழன்ற மூட்டு கிறீஸோடு பளபளத்தது. பூசணிக்காய்கள் தண்ணீரில் மிதந்து துரிசுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. குலசிங்கத்தின் கால் ஒன்று கதவுக்குள் அகப்பட்டிருந்தது. கூலிச் சனம் வந்து இழுத்து எடுத்ததும், பக்கத்து வயலில் நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவரைக் கிடத்தினார்கள். ஓடக்கூடிய ஆள் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கமலேஸ்வரி ஏறி இருந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னால் பெட்டிக்குள்ளிருந்து, “விடு பிள்ளை, விடு, நிப்பாட்டாதை” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டபடி கிடந்தவரைப் பார்க்க அவள் மூன்றாம் நாள் போனாள். கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம். தலைமாட்டில் அவருடைய மனிசி மீனம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா.

“வாகனத்தில பிழையெண்டால் விளங்கிற மாதிரி வடிவாச் சொல்லியிருக்கலாம்தானே, பிள்ளை?” என்றா மீனம்மா. “இப்ப பார், இந்த மனிசன்ர கோலத்தை.”

சுற்றி நின்றவர்கள் ஓமோம் என்று தலையாட்டினார்கள். கமலேஸ்வரி அத்தானைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தாள். ‘அவள் சொன்னவள்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தடவி, சாவியை எடுத்து நீட்டினார். அதில் முறிகண்டிச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“இந்தா. உன்ர வாகனத்தை வாய்க்காலுக்குள்ள இருந்து தூக்கிற வழியைப் பார். வயலுக்குப் போற தண்ணியை மறிச்சுப்போட்டுதெண்டு கமக்காரர் கத்துறாங்களாம்.”

தம்பி செத்த பிறகு, அது அவளுடைய வாகனம் என்று அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். கமலேஸ்வரி சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். விசுவமடு பஸ்ஸில் இருக்க இடமில்லாமல் சனம். வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.