இரண்டு வால், மூன்று வால்

கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் நானும் என் மனைவியும் தூண்டில் போடுவோம். சாயங்காலம் தண்ணீரிலேயே வளர்ந்து மேலெழும்பும் மேஃப்ளை என்ற சிறு பூச்சிகளை மீன்கள் துள்ளிப் பிடிக்கும். அந்தப் பூச்சியைப் போலவே இறகால் நான் தூண்டிலில் கட்டிய போலிப் பூச்சியை மட்டும் சீண்டுவதில்லை.

ஒருநாள் அவள் இரண்டு பூச்சிகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"ஏனுங்க, ரெண்டும் ஒண்ணில்லீங்க. இதுக்கு வாலு மூணு, அதுக்கு ரெண்டுதான். மீனு ரெண்டு வாலைத்தான் திங்குது."

என் போலிப் பூச்சிக்கு மூன்று வால்; ஒன்றை வெட்டினேன். உடனே மீன் கடித்தது. மழைக்காலம் முடிந்ததும் மற்ற வகைகளையும் பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டே வீடு திரும்பினோம்.

அந்த மழையில், மேலே காபித் தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து ஓடைக்கு வந்துவிட்டது. பிறகு பல மாலைகள் போய் உட்கார்ந்தோம். ஒரு பூச்சிகூட எழவில்லை.

"மத்த பூச்சிங்களையும் கொஞ்சம் முன்னாடியே கவனிச்சிருக்கலாமுங்க," என்றாள்.

எனக்கும் அதே வருத்தம்தான்.